கூட்டுச் சில்லில் காற்று நிற்பது எப்படி?

மாட்டு வண்டிச் சில்லைக் கூர்ந்து நோக்கியவர்கள் அது ஒரே மரத்தில் ஆனதன்று என்பதை அறிவர். நடுவே குடம், குடத்தினின்று புறப்படும் ஆரக்கால்கள், அவற்றின் நுனிகளை ஏற்று வளைந்து நிற்கும் வட்டைத் துண்டுகள், எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிக்கும் இரும்புப் பட்டம். தச்சனும் கொல்லனும் கூடிச் செய்த அந்த வேலையில் எந்தத் துண்டு பழுதுபட்டாலும் அதனை மாத்திரம் மாற்றிக்கொள்ளலாம். மோட்டார் வண்டி வந்தபின் இந்த வசதி பெரும்பாலும் மறைந்துவிட்டது. இன்று நம் வீட்டு முற்றங்களில் நிற்கும் வண்டிகளின் சில்லுகள் உருக்குத் தகட்டை வளைத்து ஒட்டியோ, அலுமினியக் கலவையை வார்த்தோ ஆக்கப்பட்டவை. பிரித்துப் பார்க்க அவற்றில் ஒன்றுமில்லை.

ஆயினும் கூட்டுச் சில்லு முற்றாக ஒழிந்துபோகவில்லை. தெருவில் ஓடும் முச்சக்கர வண்டியின் சில்லைக் கழற்றிப் பாருங்கள். இரண்டு பாதிகளை நட்டுகளால் இணைத்து, நடுவே ரியூப்பையும் ரயரையும் வைத்திருப்பார்கள். பழைய வெஸ்பா ஸ்கூட்டரிலும் இதே அமைப்புத்தான். மற்றொரு வகை, இளைஞர் பலர் கண் வைக்கும் அழகிய மூன்று துண்டுச் சில்லு. நாம் இன்று பேச எடுத்துக்கொண்டது முக்கியமாக இந்த இரண்டாவது வகையையே. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 தொடக்கத்திலேதான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிகளையும் பழைய சில்லுகளையும் பேணிக் காக்கும் பழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. கைமாறி வந்த சில்லை வீட்டிலேயே பிரித்துத் துப்புரவாக்கி மறுபடி பூட்ட விரும்புவோர் அதனால் பெருகியுள்ளனர். விருப்பம் நல்லது. அறிந்து செய்தல் வேண்டும்.

இந்தச் சில்லின் வரலாறு சிறியது. ஜேர்மனியின் கருங்காட்டுப் பகுதியிலுள்ள ஷில்டாக் என்னும் ஊரில் 1970 ஆம் ஆண்டு பௌம்கார்ட்னர், பிராண்ட் என்னும் இருவர் ஒரு தொழிலகம் தொடங்கினர். இருவர் பெயர்களின் முதலெழுத்தோடு ஊரின் முதலெழுத்தும் சேர்ந்து பீ.பீ.எஸ். என்றாயிற்று. ஓட்டப் போட்டி வண்டிகளுக்கென மூன்று துண்டுச் சில்லை அவர்கள் 1972 இல் ஆக்கினர். 1983 இல் வெளிவந்த ஆர்.எஸ். என்னும் சில்லு அதே முறையைச் சாதாரணத் தெரு வண்டிக்கும் கொண்டுவந்தது. வலைபோற் பின்னிய ஆரக்கால்களையும் விளிம்பைச் சுற்றி வரிசையாக மின்னும் போல்ட்டுகளையும் கண்டவர் மறப்பதில்லை. பின்னர் பல நாடுகளிலும் பலர் அம்மாதிரியைப் பின்பற்றினர்.

மூன்று துண்டுகள் எவை? ஆரக்கால்கள் கொண்ட நடுத்தட்டு ஒன்று; வெளிப்புறம் தெரியும் விளிம்பு ஒன்று; வண்டியின் உட்புறம் நோக்கிய ஆழமான வளையம் ஒன்று. இம்மூன்றையும் 7 அல்லது 8 மிலிமீற்றர் தடிப்புள்ள சிறு போல்ட்டுகள், சில்லின் பருமனுக்கேற்ப இருபது முதல் நாற்பது வரை, ஒன்றாகப் பிணைக்கின்றன. ஓட்டப் போட்டிக்காரருக்கு இதனாற் பெரும் இலாபம் உண்டு. கல்லில் மோதி விளிம்பு நெளிந்தால் விளிம்பை மட்டும் மாற்றலாம். அகலமான ரயர் வேண்டுமாயின் அகலமான வளையத்தைப் பூட்டலாம். நம் மாட்டு வண்டித் தச்சன் அறிந்திருந்த அதே நியாயம்.

ஆனால் தச்சனுக்கு இல்லாத ஒரு தொல்லை இங்கே உண்டு. வண்டிச் சில்லு காற்றைத் தாங்க வேண்டியதில்லை; இது தாங்க வேண்டும். ரயருக்குள் ரியூப் இருந்த காலத்திற் காற்றைக் காக்கும் பொறுப்பு ரியூப்பினுடையது. அமெரிக்காவிற் குட்றிச் தொழிலகம் ரியூப் இல்லாத ரயரை 1947 இல் அறிவித்தது. 1955 அளவில் அந்நாட்டுப் புதிய கார்களில் அதுவே வழக்கமாயிற்று. அன்று முதல் காற்றைக் காக்கும் பொறுப்பு சில்லின் மீதே விழுந்தது. ஒரே துண்டான சில்லுக்கு அது சுலபம். மூன்று துண்டுச் சில்லிலோ, வளையமும் விளிம்பும் சந்திக்கும் இடத்தில் சுற்றிலும் ஒரு பொருத்து ஓடுகிறது. எவ்வளவு நேர்த்தியாகக் கடைந்தாலும் இரண்டு உலோகப் பரப்புகளுக்கு இடையே காற்று நுழையும் வழி இருக்கவே செய்யும். அதை அடைப்பது உட்புறமாகப் பூசப்பட்ட ஒரு மெல்லிய சிலிக்கோன் பசை வரி. ஆண்டுகள் செல்லச் செல்ல அவ்வரி உலோகத்தை விட்டு உரிகிறது. அடியில் ஈரம் புகுந்து வெண்ணிறப் பொடி பூக்கிறது. காலையில் வண்டியை எடுக்கும்போது ஒரு ரயர் மட்டும் தளர்ந்திருக்கும். ஆணி தேடியும் அகப்படாது. அப்பொழுது பொருத்தையே ஐயுற வேண்டும்.

இங்கே இரண்டு கடமைகளைப் பிரித்தறிதல் அவசியம். உலோகத் துண்டுகளைச் சேர்த்துப் பிடிப்பவை போல்ட்டுகள். பசை காற்றை மட்டுமே அடைக்கிறது. பசையை அதிகமாக அப்பினாற் சில்லு உறுதிபெறும் என்று கருதுவோர் உளர். அது பிழை. போல்ட்டை இன்னும் இறுக்கினாற் கசிவு நின்றுவிடும் என்று கருதுவோரும் உளர். அதுவும் பிழையே; அன்றியும் அபாயமானது.

அபாயம் என்றோமே, அதை மாணவர்கள் கணக்கிட்டே அறியலாம். கார் ரயரில் ஒரு சதுர அங்குலத்துக்கு 32 இறாத்தல் அமுக்கம் இருப்பதாகக் கொள்வோம். நான்கு அங்குல நீளமும் நான்கு அங்குல அகலமும் கொண்ட சிறிய இடத்தின் பரப்பு 16 சதுர அங்குலம். அவ்விடத்தின் மேல் மட்டும் உள்ளிருந்து தள்ளும் விசை 512 இறாத்தல். நான்கு சீமெந்து மூடைகளின் பாரத்தினும் அதிகம். சில்லின் இரு பக்கங்களையும் பிரித்துத் தள்ளும் முழு விசை இதனினும் பன்மடங்கு. காற்று இருக்கும்போதே போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினால், எஞ்சியவை அத்தனை பாரத்தையும் ஏற்க வேண்டி வரும். கடைசிச் சிலவற்றின் புரிகள் தாங்காமல் அறுந்து, துண்டுகள் வெடித்துப் பறக்கும். எதிரே குனிந்திருப்பவரின் முகமும் மார்பும் அங்கேதான் இருக்கும்.

ஆகவே வேறெதை மறந்தாலும் இதை மறத்தலாகாது: வால்வினுள் இருக்கும் சிறு ஊசியைக் கழற்றிக் காற்று முழுவதையும் வெளியேற்றிய பின்னரே போல்ட்டிலோ நட்டிலோ கை வைக்க வேண்டும். மூன்று துண்டுச் சில்லாயின் ரயரையும் ரயர் கடையில் இயந்திரத்தாற் கழற்றுவித்துக்கொண்டு வருதல் நன்று. முச்சக்கர வண்டியிலும் ஸ்கூட்டரிலும் தவறு நேர்வது பெரும்பாலும் நட்டுகளை மயங்கியறிவதால். சில்லைக் குடத்தோடு பூட்டும் நட்டுகள் வேறு, இரு பாதிகளை இணைக்கும் நட்டுகள் வேறு. தெருவோரத்திற் சில்லைக் கழற்ற அவசரப்படுபவர் முன்னதற்குப் பதிலாகப் பின்னதைத் தளர்த்திவிடுவதுண்டு. வண்டியை வாங்கிய அன்றே இரண்டையும் வேறுபடுத்திப் பார்த்து வைத்துக்கொள்வது பயனுள்ள செயல்.

பழைய லொறிகளிற் காணப்படும், பக்க வளையத்தைப் பூட்டு வளையத்தால் நிறுத்திய சில்லு வகையை வீட்டிலே தொடவே வேண்டாம். அதன் அமுக்கம் கார் ரயரினும் மிக அதிகம். வளையம் சரியாக அமராமற் காற்றடித்தால் அது அரிவாள் போற் பறக்கும். அமெரிக்க அரசு 1980 இல் இதற்கெனத் தனி விதி வகுத்து, பயிற்சி பெற்றவரே செய்ய வேண்டும் என்றும், இரும்புக் கூட்டினுள் வைத்தே காற்றடிக்க வேண்டும் என்றும் கட்டாயப்படுத்தியது. எத்தனை உயிர்கள் போன பின் இத்தகைய விதிகள் பிறக்கின்றன என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

இனி வேலைக்கு வருவோம். பிரிப்பதற்கு முன் மூன்று துண்டுகளிலும் வால்வுத் துளைக்கு நேராக ஓர் அடையாளம் இட்டுக்கொள்க. முன்பு எவ்வாறு பொருந்தி இருந்தனவோ அவ்வாறே மீண்டும் பொருந்தினாற்றான் சில்லு நேராகச் சுழலும். போல்ட்டுகளைக் கைக்கருவியாலேயே தளர்த்துக. காற்றினால் இயங்கி அடித்துத் திருப்பும் கருவி லொறி நட்டுக்கு உதவலாம். இந்த மெல்லிய போல்ட்டுகள் அதற்கு ஈடுகொடா. இளகாத போல்ட்டு இருப்பின் கொதிநீரிலோ வெப்பக் காற்றாலோ அவ்விடத்தைச் சூடாக்கலாம். ஒரு பாகை செல்சியசு வெப்பம் ஏறும்போது அலுமினியம் பத்து இலட்சத்தில் 23 பங்கு நீள்கிறது. உருக்கு ஏறக்குறைய 12 பங்குதான் நீள்கிறது. ஆதலால் அலுமினியப் புரி சற்று விரிந்து உருக்குப் போல்ட்டை விடுவிக்கும். பாடசாலையிற் படித்த விரிவுக் குணகம் இவ்வாறு வீட்டு முற்றத்தில் வேலை செய்வதைக் காண்பது ஒரு மகிழ்ச்சி. தீச்சுவாலையை மட்டும் காட்ட வேண்டாம். பதப்படுத்திய அலுமினியக் கலவை மிகையான சூட்டில் தன் வலிமையை இழந்துவிடும். இழந்ததைப் பார்வையால் அறிய இயலாது.

பிரித்த பின் வருவது துப்புரவு. இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நாம் கண்டவரையில் இளைஞர்கள் வெளி விளிம்பைக் கண்ணாடிபோல் மினுக்குவதற்கு மூன்று நாள் செலவிடுவார்கள். எவர் கண்ணுக்கும் தெரியாத பொருத்தைத் துடைக்கப் பத்து நிமிடமும் ஒதுக்கார். பிறகு பசையிற் குறை காண்பார்கள். பசை எவ்வளவு உயர்ந்ததாயினும் தூசியின் மேற் பூசினால் தூசியைத்தான் பற்றும். தூசி உரியும்போது அதுவும் உரியும்.

முதலிற் பிறேக் தூசி. கறுத்துப் படிந்த இத்தூசியை ஊதியோ உலர்ந்த தூரிகையால் தட்டியோ அகற்றக்கூடாது. பழைய வண்டிகளின் பிறேக்கில் கல்நார் கலந்திருக்கக்கூடும். அதன் நுண்ணிய இழைகள் சுவாசப்பையிற் புகுந்தால் பல ஆண்டுகள் கழித்துக் கொடிய நோயைத் தரும். சவர்க்கார நீரால் நனைத்து, மென்மையான தூரிகையாற் கழுவுக. குழந்தைகள் அருகில் இருத்தலாகாது. கழுவும் இடம் கிணற்றடியாகவும் இருத்தலாகாது. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்திலே மேலே ஊற்றியது விரைவிற் கீழே இறங்கி நாம் குடிக்கும் நீரோடு கலந்துவிடும் என்பதை அங்குள்ள வாசகர்களுக்கு நினைவூட்டுகிறோம்.

அடுத்தது பழைய சிலிக்கோன். இது பெற்றோலிலோ தின்னரிலோ கரைந்து போவதில்லை. சிறிது ஊதும், அவ்வளவே. பிளாஸ்ரிக் அல்லது மரச் சீவலாற் சுரண்டி, எஞ்சியதை விரலால் உருட்டி எடுக்க வேண்டும். பொறுமை வேண்டிய வேலை. உருக்குக் கம்பித் தூரிகையைத் தவிர்க்க வேண்டும்; அது பரப்பைக் கீறுவதோடு இரும்புத் துகள்களையும் அலுமினியத்திற் பதித்துவிடும். ஈரம் பட்டதும் அத்துகள்களைச் சுற்றி அரிப்புத் தொடங்கும். பொருத்தின் ஓரங்களிற் காணும் வெண்பொடி அலுமினியம் அரிக்கப்பட்டதனால் உண்டான ஒட்சைட்டே. நைலோன் தூரிகையாலும் மிக மென்மையான உரைகடதாசியாலும் அதனை நீக்கலாம். பொடியை நீக்கியபின் அடியிற் குழி விழுந்திருந்தாலோ, போல்ட்டுத் துளையிலிருந்து மயிரிழை போன்ற வெடிப்புக் கிளம்பினாலோ அத்துண்டைக் கைவிட வேண்டியதுதான். அதை ஒட்டுவித்துப் பூட்டலாம் எனச் சொல்பவர் பலர் உண்டு. அவர்களுடைய பிள்ளைகள் அந்த வண்டியிற் போவதில்லை.

எரிசோடாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. சலவைச் சோடா பட்டால் அலுமினியப் பாத்திரம் கறுத்துப்போவதை நம் இல்லத்தரசிகள் அறிவார்கள். எரிசோடா அதனினும் கடுமையானது. அலுமினியத்தைக் கரைத்து ஐதரசன் வாயுவைக் கிளப்பும். பல சில்லுகளின் விளிம்பில் மின்முறையால் ஏற்றிய காப்புப் படை ஒன்று உண்டு. அதை உரிக்க எரிசோடா கலந்த அடுப்புத் துப்புரவுத் திரவத்தைச் சிலர் பூசுகிறார்கள். கண்ணிற் பட்டாற் பார்வைக்கே கேடு. படை மங்காமல் இருந்தால் அதை உரிக்காமலே விட்டுவிடுவதே நமது விருப்பம். உரித்த விளிம்பை வாழ்நாள் முழுவதும் மினுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். சில்லுத் துப்புரவுக்கென விற்கப்படும் சில அமிலத் திரவங்களில் ஐதரோபுளோரிக்கமிலமோ அதன் உப்போ உண்டு. அது தோலை ஊடுருவி உடலிலுள்ள கல்சியத்தைப் பற்றும். முதலில் வலி தெரியாமலும் இருக்கும். அத்தகைய போத்தல் வீட்டுக்குள் வரவே வேண்டாம்.

துண்டுகளைக் கழுவி நன்கு உலர்த்திய பின், அடையாளங்களை நேர்ப்படுத்திச் சேர்த்து, போல்ட்டுகளை இறுக்கலாம். புதிய போல்ட்டுகள் கிடைக்குமாயின் அவையே உத்தமம். முறுக்கு அளவைக் காட்டும் ஸ்பனர் இன்றி இந்த வேலையைத் தொடங்குவதை நாம் ஆதரிக்கவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. போல்ட்டைத் திருப்ப நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு உராய்விலேயே செலவாகிறது. மிஞ்சிய ஒரு பங்கே துண்டுகளைச் சேர்த்துப் பிடிக்கிறது. புரியில் எண்ணெய் பட்டால் உராய்வு குறைந்து, அதே முறுக்கு போல்ட்டை மிகையாக இழுத்துவிடும். ஆகையாற் புரிக்கு என்ன பூச வேண்டும், எவ்வளவு முறுக்க வேண்டும் என்பதைச் சில்லைச் செய்தவர் தரும் குறிப்பிலிருந்தே கொள்ள வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன அளவு உதவாது. எல்லாவற்றையும் முதலிற் கையால் திருகி, பின் எதிரெதிராக மாறி மாறி, மூன்று தவணையில் முழு அளவுக்குக் கொண்டுவருக. ஒரு பக்கத்தை முற்றாக இறுக்கிவிட்டு மறுபக்கம் போனாற் சில்லு கோணும்.

இப்பொழுதுதான் பசைக்கு முறை வருகிறது. வெட்டிய போத்தலிலிருந்து வினாகிரி மணம் வீசினால் அது உலரும்போது அசற்றிக்கமிலத்தை வெளிவிடும் வகை, அலுமினியத்தை அரிக்கக்கூடியது. அமிலமற்ற, நடுநிலை வகைச் சிலிக்கோனைக் கேட்டு வாங்குக. பூச வேண்டிய இடம் ரயரின் உள்ளே மறையும் பக்கத்திற் பொருத்து ஓடும் பள்ளம். பொருத்தின் வெளிப்புறத்தில் அன்று. உட்புறம் பூசினாற் காற்றின் அமுக்கமே பசையைப் பொருத்துக்குள் தள்ளி இறுக்கும். வெளிப்புறம் பூசினால் அதே அமுக்கம் அதை உரித்தெறியும். பூசுமுன் சுத்தமான ஸ்பிரிற்றில் நனைத்த துணியால் இருமுறை துடைத்து ஆறவிடுக. துடைத்த இடத்தை அதன்பின் விரலாலும் தொட வேண்டாம். பசையை இடையறாத ஒரே வரியாக இட்டு, தொடங்கிய இடத்தைச் சற்றுத் தாண்டி முடித்து, கையுறை அணிந்த விரலால் ஒரே இழுப்பாக அழுத்தி விடுக. நடுவே நின்று மீண்டும் தொடங்கிய இடமே பின்னர் கசியும் இடமாகும். மேடாகக் குவிக்கவும் வேண்டாம். ரயரின் விளிம்பு ஏறிவரும்போது அம்மேட்டை வழித்துக்கொண்டு போய்விடும்.

சிலிக்கோன் உலர்வது வெயிலாலன்று, வளியிலுள்ள ஈரத்தால். நம் கரையோரத்து ஈரக்காற்று, வேறு வேலைகளில் துருவைக் கொண்டுவரும் அதே காற்று, இங்கே துணையாக நிற்கிறது. மேல் தோல் சில நிமிடங்களிற் படரும். அதைத் தொட்டுப் பார்த்து ஏமாறாமல், உட்பகுதி பிடிக்க 24 மணித்தியாலமாவது நிழலில் விட்டுவைக்க வேண்டும். சனிக்கிழமை மாலை பூசியவர் ஞாயிறு காலை கோயிலுக்குப் போக வண்டியை எதிர்பார்த்தல் தகாது.

பின்பு ரயர் கடையில் ரயரை ஏற்றும்போது, நெம்புகோல் பசை வரியிற் படாமற் பார்த்துக்கொள்ளும்படி சொல்லுங்கள். காற்றடித்ததும் போல்ட்டு வரிசையிலும், வால்வைச் சுற்றியும், விளிம்போரத்திலும் சவர்க்கார நுரையைத் தடவிப் பொறுத்திருந்து பாருங்கள். நிலையாக ஒரே இடத்தில் குமிழி எழுமாயின் அங்கே கசிவு உண்டு. அப்பொழுது காற்றை முழுதும் விட்டு, ரயரை மீண்டும் கழற்றி, அந்த வரியை முற்றாக நீக்கிப் புதிதாகப் பூச வேண்டும். கசிந்த இடத்தின் மேல் ஒரு துளி வைப்பது நிலைக்காது. குமிழி இல்லையாயின் அமுக்கத்தைக் குறித்து வைத்து மறுநாள் அதே வேளையில் மறுபடி அளந்து பாருங்கள். வெயிலில் நின்ற ரயரின் அளவும் நிழலில் நின்ற ரயரின் அளவும் ஒன்றாகா என்பதால் வேளையை மாற்ற வேண்டாம். அமுக்கம் குறையாதிருப்பின் சில்லைச் சமநிலைப்படுத்துவித்து வண்டியிற் பூட்டலாம். குடத்து நட்டுகளை மட்டும் 80 கிலோமீற்றர் அளவு ஓடியபின் மீண்டும் ஒருமுறை முறுக்களந்து பார்க்க வேண்டும். துண்டுகளைப் பிணைக்கும் சிறு போல்ட்டுகளைக் காற்று உள்ளபோது தொட வேண்டியதில்லை.